ஸ்டோருக்குப் போன ஒன்பது நிமிடம்

அக்கா,

காலையில் பேத்தி தன் செல்போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். யாரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டாள், எத்தனை நிமிடம் பேசினாள் என்று அதில் தானாகவே வரிசையாக விழுந்து கிடக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அந்த வரிசையைப் பார்த்ததும் உங்கள் கையெழுத்துதான் கண்ணில் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது என்று உங்கள் ஊர்ச் சிலமலைக்காரி ஒருத்தி போன வாரம்தான் சொன்னாள். எனக்குச் சொல்லியனுப்ப அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபமும் இருக்கிறது.

போடியில் அந்த ஏலக்காய்க் கடையில் எனக்குக் காய் பொறுக்கும் வேலை, உங்களுக்கு லைனைக் கோத்துவிடுகிற டெலிபோன் போர்டு. கடையிலிருந்து மலைமேல் முதலாளியின் மூன்று எஸ்டேட்டுக்கும் லைன் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொரு எஸ்டேட்டாகக் கூப்பிடுவீர்கள். அங்கே கணக்கெழுதும் ரைட்டர் அன்றைக்கு வந்த போன், போன போன் எல்லாவற்றையும் வாசிப்பார். எஸ்டேட்டுக்கு ஒரு தாளாக எழுதிக்கொள்வீர்கள். உங்கள் போர்டிலிருந்து போனதற்குத் தனித் தாள். நாலையும் சேர்த்து முதலாளி மேசையில் வைத்தால்தான் உங்கள் சோலி முடியும். மழைக்காலத்தில் போடிமெட்டுப் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்தால் விவரம் மறுநாள் ஜீப்பில் இறங்கும். அதையும் உங்கள் கையால் எழுதித்தான் வைப்பீர்கள்.

தோல் கூட்டுகிற சாக்கில் நான் அந்நேரம் அங்கேயே நிற்பேன். மேல் எஸ்டேட் ரைட்டர், "சேச்சி, எழுதிக்கோ" என்று மலையாளம் கலந்து ஆரம்பிப்பார். வாசித்து முடிந்ததும், அங்கே மழையா, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பீர்கள். ஒரு நாளில் நீங்கள் பேசுகிற சொந்தப் பேச்சே அவ்வளவுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஊரார் பேச்சையெல்லாம் கோத்துவிட்டவருக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. நான் ஒருத்தி இருந்தேன். நானும் என் குறையைத்தான் வந்து கொட்டினேன்.

என் வீட்டுக்காரர் மேல் எஸ்டேட்டில், பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்துகிற ஸ்டோரில் இருந்தார். நாலு மாதமாக இறங்கி வரவில்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஜீப்பில் வந்தவள் என் காதில் போட்டாள். அன்றைக்கு என் முறத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, காயையும் தோலையும் ஒண்ணாப் போடுறே?" என்றீர்கள். சொன்னேன். "வா, அந்த மனுசங்கிட்டயே கேட்டுரு" என்று போர்டுக்கு இழுத்துப் போனீர்கள்.

மூன்று மணி இருக்கும். கடையே சாப்பாட்டு அசதியில் கிடந்தது. மேல் எஸ்டேட்டைக் கூப்பிட்டு ஸ்டோருக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். ரைட்டர் கோத்துவிட்டதோடு சரி, அங்கே யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. ஒன்பது நிமிடமும் நான்தான் பேசினேன். அந்த மனுசன் கடைசியில், "இப்ப என்னைய என்ன செய்யச் சொல்றே" என்றார். அவ்வளவுதான்.

வேலையாட்கள் சொந்தப் பேச்சுக்கு லைனைத் தொடக்கூடாது, தொட்டால் யார், எதற்கு என்று எழுத வேண்டும் என்பது கடைச் சட்டம். என் பேரை எழுத உங்களுக்குக் கை வரவில்லை. உங்கள் தாளில் அதை ஏற்றாமலே விட்டீர்கள்.

ஐந்து மணிக்கு ரைட்டர் வாசித்தார். மூன்று மணி, போடியிலிருந்து ஸ்டோருக்கு, ஒன்பது நிமிடம் என்று அவர் சொன்னதும் என் விளக்குமாறு நின்றுவிட்டது. நீங்கள் எழுதினீர்கள்.

"அதை விட்டுருங்கக்கா" என்றேன்.

"என் தாளு என் பாடு. அவரு வாசிச்சதை நான் எப்படித்தா விடுவேன்?"

அந்தத் தாள்களை யாரும் பார்ப்பதில்லை. அந்த முறை பார்த்தார்கள். காயை எந்த விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்று அன்றைக்குத்தான் முதலாளி போனில் யாரிடமோ பேசியிருக்கிறார். மறுநாள் ஏலத்தில் எதிர்க் கடைக்காரருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கணக்கப்பிள்ளை நாலு தாளையும் மேசையில் பரப்பினார். மலைத் தாளில் இருக்கிற போன் கடைத் தாளில் இல்லை. இரண்டும் உங்கள் கையெழுத்து.

போர்டில் இருப்பவளுக்குக் கேட்காத பேச்சு உண்டா, ஸ்டோரில் யாரிடம் விலையைச் சொன்னாய் என்று அவர் கேட்டபோது, பதினெட்டுப் பேர் முறமும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டோரில் விசாரித்ததற்கு, போனை எடுத்ததாக ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரரும்தான். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் பேசுனேன். வெலையப் பத்திப் பேசலை. வேற எதுவும் கேக்காதீங்க."

என் பேர் வந்தால் எதற்குப் பேசினாள் என்று வரும். என் புருசன் கதை பதினெட்டு முறத்திலும் புடைபடும். அது தெரிந்துதான் நீங்கள் மறைத்தீர்கள், அது தெரிந்துதான் நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே உங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கணக்கப்பிள்ளையின் பாடை எங்கள் தெருவழியாகப் போனபோது நான் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இறங்கி வந்து பதினைந்து வருடம் என் கையால் சாப்பிட்டார். ஸ்டோரில் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் கண் மூடும்வரை கேட்டேன். அந்த ஒரு வரியை எழுதினீர்களே என்று உங்கள் மேலும் கோபம் உண்டு.

கடையில் உங்களை அனுப்பி இரண்டு மாதம் கழித்துச் சிலமலைக்கு வந்தேன். உங்கள் அண்ணன் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தீர்கள். மேல் எஸ்டேட் ரைட்டர் நன்றாக இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை.

"மொதலாளிகிட்ட நான் போய்ச் சொல்லிர்றேன்கா."

"போர்டுக்கு வேற பொண்ணு வந்துருச்சாம்ல. இனி சொன்னா உன் பேருந்தான் கெடும். வெரசாப் போ, பஸ்சு வந்துரும்."

பஸ்சில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நீங்கள் ரோட்டோரம் நின்றீர்கள். நான் அழுதேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை அக்கா. சொல்ல வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே என்று அப்பாடா என்றிருந்தது. போடி வந்து இறங்கும்வரை நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்தது. அந்த பஸ்சில் அப்படி உட்கார்ந்து வந்தவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.