பிரியாத தையல்

12 பிப்ரவரி 1986
மதியம் கோட்டக்குப்பத்திலிருந்து அமீர் பாட்சா கடைக்கு வந்தார். துபாயிலிருந்து திரும்பியவர். பாண்டிச்சேரியைக் காலி செய்த ஒரு வெள்ளைக்காரரிடம் பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார். முன்னால் கட்டும் பாய் போதவில்லையாம். இரண்டு மடங்காக வேண்டுமாம். "திண்டிவனத்துல உன் தையல்தான் பிரியாதுன்றாங்க, டெய்லரே." லாரித் தார்ப்பாய் தைத்து இருபது வருஷத்தில் சம்பாதித்த பேர். உச்சி குளிர்ந்து ஒப்புக்கொண்டேன்.

16 பிப்ரவரி
படகைப் பார்த்தேன். பாய்மரம் ஒல்லி. அதை இழுத்துப் பிடிக்கப் பக்கத்துக்கு ஒரு கம்பி, முன்னால் ஒன்று. அதுவும் முக்கால் உயரத்தோடு சரி. இவர் பெரிய பாயை உச்சியிலிருந்தே கட்டப்போகிறாராம். மரம் தாங்காது என்றேன். வளவனூர்க் கல்யாணத்தில் நான் தைத்த சாமியானா காற்றில் கிழியாமல், கம்பம் ஒடிந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் தலையில் விழுந்ததையும் சொன்னேன்.

"நீ துணியப் பாரு. மரத்த நான் பாத்துக்கிறேன்."

அவர் சம்சாரம் குல்சும் பீவி டீ கொடுத்தார். "புதுசு கட்டினதும் என்னையும் ஏத்திக்கினு போறாராம்." சந்தோஷமா, பயமா?

20 பிப்ரவரி
இன்னும் துணியை வெட்டவில்லை. நான் மறுத்தால் வேறொருவன் தைப்பான்.

24 பிப்ரவரி
முடித்தேன். எல்லாம் இரட்டைத் தையல். நடுவில் ஒரு மூட்டு மட்டும் சட்டை நூலில் ஒற்றைத் தையல். காற்று மிஞ்சினால் அங்கே கிழியட்டும், மரம் பிழைக்கும். வீட்டில் ராஜாமணியிடம் மட்டும் சொன்னேன்.

"கெட்ட பேரு நமக்குத்தானே வரும்?" என்றாள்.

ஆமாம்.

2 மார்ச்
கிழிந்துவிட்டது. கடலில் பத்தே நிமிஷமாம். மரம் நிற்கிறது, குல்சும் பீவி பத்திரம். பாட்சா கடை வாசலில் நின்று கத்தினார். "இது தையலா? என் மானமே போச்சு!" லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். யோவ், உன் பொண்டாட்டி உசுரோட கரைக்கு வந்ததே அந்த ஒத்த நூலாலதான்யா — வாய்வரை வந்தது. சொன்னால் வேண்டுமென்றே கெடுத்தவன் ஆவேன். அவமானமாக இருந்தது.

9 மார்ச்
தார்ப்பாய் எதுவும் வரவில்லை.

30 மார்ச்
பாட்சா பாண்டிச்சேரியில் அந்தோணிசாமி என்கிற டெய்லரிடம் மறுபடி தைத்துக்கொண்டாராம். எல்லா மூட்டும் மூன்று வரிசைத் தையலாம். படகில் ஏற வேண்டாம் என்று குல்சும் பீவிக்கு ராஜாமணி பேரில் ஒரு கார்டு போட்டேன்.

19 ஏப்ரல்
பாட்சா வந்தார், இடது கையில் மாவுக்கட்டுடன். மரம் கம்பிக்கு மேலே முறிந்து அவர் மேலேயே விழுந்திருக்கிறது. குல்சும் பீவி தலைவலி என்று கரையிலேயே நின்றுவிட்டாராம். ராஜாமணிக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறார். "எதுக்குன்னு தெரியல" என்றார் பாட்சா.

பிறகு அந்தப் பாயை என் மெஷின்மேல் விரித்தார். "பாத்தியா? மரமே முறிஞ்சிச்சி, ஒரு தையல் பிரியல. அந்தோணிசாமி தொழில்காரன்! பாத்துக் கத்துக்க." வாசலுக்கு வெயில் மறைப்பாக அதை மாற்றித் தர வேண்டுமாம்.

பிரிக்க உட்கார்ந்தேன். நல்ல தையல்தான். சாயங்காலம்வரை ஒரு மூட்டுகூட முடியவில்லை.