சமையலறை அடுப்பில் ஈயம்

வெர்லின்,

டாக்டர் போன் செய்தார். டெஸ்ஸியின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மிசூலா ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

"வெளிய காத்துல கேம்ப் அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு போகுது லோர்னா, இந்த ஒரு தடவை மட்டும்" என்று சொல்லித்தானே, மான் வேட்டைக்குக் குண்டு வார்க்கச் சமையலறை அடுப்பில் ஈயம் உருக்கினாய்? மூன்று வருடமாக அதே ஒரு தடவை!

ஃபிரிட்ஜில் பீன்ஸ் சூப் இருக்கிறது. அந்த அடுப்பைப் பற்றவைக்காதே, ஆறியதையே குடி. வீட்டைப் பெருக்காதே, தூசு பறக்கும்.

பி.கு.: கொட்டகைக்குக் கரண்ட் இழுத்து, ஈயம் உருக்க மின்சாரச் சட்டி வாங்கலாம் என்றாய். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று சிரித்தவள் நான். நீ ஈயம் கிண்டும்போது பக்கத்து பர்னரில் டெஸ்ஸிக்குக் கஞ்சி கிண்டியவளும் நான்தான்.

குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வா. பார்த்ததும் உன் மேல்தான் தாவுவாள்.