பாலுக்கு இடம் கொடுத்த சிப்பிகள்

அன்புள்ள அம்மா,

சிப்பிகளில் கிருமி ஏன் பெருகியது என்று ஆய்வக மேலாளர் பெட்ரிசியா அக்கா கேட்டபோது, தவறு என்னுடையது என்று நேற்று நான் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

புக்கிட் பெலண்டோக் கோயில் பால்குடத்துக்கு வாங்கிய பாலை எங்கள் குளிரறையில் வைக்கும்படி வீட்டுக்கார முருகையா மாமா கெஞ்சினார். இடம் போதாமல், கிருமிகளைக் கொல்லக் கதிர்வீச்சு கொடுத்த சிப்பிகளை வெளியே எடுத்துவைத்து மறந்துவிட்டேன். கதிருக்குத் தப்பிய சில கிருமிகள் குளிர் இல்லாமல் பெருகிவிட்டன.

"கதிர் பத்தல லா! மெஷின் ஓட்டுற கிளென் தூங்கிட்டானா? மேல எழுதிப் போடுறேன்," என்றார் அக்கா.

அப்பாவின் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். குளிரறையிலேயே நாள் போகிறது.

தபால் நேரமாகிவிட்டது. இன்று காலை உண்மையைச் சொன்னேன். சிப்பிகளைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறோம். தீபாவளிக்குச் சுங்கைப்பட்டாணி வர எனக்கு லீவு இல்லை.

லோகேஸ்வரி