பால் பொங்கியது எந்த அடுப்பில்?

நோர்பரி, இலண்டன். 2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. உனக்கு நான் எழுதும் முதலாவது கடிதம்.

அன்பு மகள் மயூராவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று இந்தமுறை சும்மா கேட்கவில்லை, ஒரு மாதமாக நீ எங்கே இருக்கிறாய் என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. போனில் கதைத்தால் நீ இடையில் வெட்டுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். முழுவதையும் வாசி.

பால் காய்ச்சாமல் குடிபோனது சரியில்லை என்று அம்மா நின்று பிடித்ததில், ஒக்ரோபரில் நீ பால் காய்ச்சி வீடியோவில் காட்டினாய். கிழக்குப் பக்கமாகப் பொங்கினது நல்லது என்று அம்மா சந்தோசப்பட்டாள். நான் பார்த்தது அடுப்பை. பால் வழிந்ததும் நீலச் சுவாலை சீறி மஞ்சளானது. காஸ் அடுப்பு. நீ இருப்பதாகச் சொன்ன அந்தப் பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் காஸே கிடையாது, எல்லாம் கரண்ட், அடுப்பு கண்ணாடி மாதிரித் தட்டை என்று செப்டெம்பரில் நீயே சொன்னாய். பதினெட்டு வயதுப் பெட்டை யாருடைய குசினியில் பால் காய்ச்சுகிறாள்? நான் காஸ் எஞ்சினியர், மயூரா. வேறு எதிலாவது ஏமாற்றியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் ரயிலேறினேன். நீ படிக்கப் போன ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே எதுவும் வெளியில் எழுதியிருப்பதுபோல உள்ளே இல்லை. வாசற்கல்லில் வங்கி என்று செதுக்கியிருக்கிறது, உள்ளே நகத்துக்குப் பூச்சுப் பூசுகிறார்கள். தேவாலயத்துக்குள் கம்பளம் விற்கிறார்கள். நெசவுக் கொட்டகைக்குள் பெடியள் பாரம் தூக்குகிறார்கள். தறி ஓடிய ஆலை பிளாட்டாகிவிட்டது, உன் பிளாட் பெல்லில் வேறொருவர் பெயர். வீடியோவில் உன் யன்னலுக்கு வெளியே ஆலைச் சிம்னியும் தேவாலயக் கூரையும் ஒன்றையொன்று தொட்டபடி தெரிந்தன. அப்படித் தெரிகிற இடத்தைத் தேடி ஒரேமாதிரியான செங்கல் வீடுகளுக்கிடையே தெருத் தெருவாக நடந்து, கடைசியில் ஒரு பின்சந்தில் அந்த யன்னலைப் பிடித்தேன். கதவைத் தட்டி, நீ எந்தப் பெடியனோடு இருக்கிறாய் என்று பார்க்கத்தான் போனேன். ஆனால் கண்ணில் முதலில் பட்டது பாய்லரின் புகைக்குழாய். அதைச் சுற்றிச் செங்கல் முழுக்கக் கரி. அது சரியாக எரியாத பாய்லரின் அடையாளம், மணமில்லாத நச்சுவாயு வீட்டுக்குள்ளும் வரும். சந்தில் நின்றே உனக்குப் போன் அடித்து, பாய்லரை நிப்பாட்டு, யன்னலைத் திற என்றேன். நீ என்ன சொன்னாய்? எந்த பாய்லர் அப்பா, இங்க கரண்ட் ஹீற்றர்தானே என்றாய். சொல்லி வாய் மூடவில்லை, குழாயிலிருந்து வந்துகொண்டிருந்த ஆவி என் கண்முன்னாலேயே நின்றுபோனது.

அடுத்து யன்னல் திறந்தது. திறந்தது பெடியன் இல்லை. என் அக்கா நகுலேஸ்வரி. தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்திவிட்டேன், ஏன் என்று கேட்காதே.

இரவு வீட்டுக்கு வந்து கேட்டால், அம்மா உருளைக்கிழங்கு உரித்தபடியே எல்லாம் சொல்கிறாள். அக்கா பிரான்சை விட்டு அந்த ஊருக்கு வந்து நாலு வருசமாம், தையல் கடையாம், இரண்டு பேரும் கிழமைக்கு ஒருக்கால் கதைப்பார்களாம். நீ காய்ச்சலோடு பிளாட்டில் கிடந்தபோது அக்கா ராக்சி பிடித்து வந்து உன்னை அள்ளிக்கொண்டு போனாளாம். நீ அந்த யூனிவேர்சிற்றியைத் தேர்ந்ததிலேயே எனக்கு இப்போது சந்தேகம். இருபது வயதில் நான் அம்மாவைக் கட்டினபோது, அந்தப் பெட்டை எங்கட வீட்டுக்குச் சரிவராது என்று சொல்லிக் கலியாணத்துக்கு வராமல் நின்றவள் அக்கா. அன்றிலிருந்து நான் அவளோடு கதைக்காதது அம்மாவுக்காக. அதைச் சொன்னேன். அதுக்கு அம்மா, நான் அதை எப்பவோ விட்டிட்டன், நீங்கள்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள் என்கிறாள். ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, காய்ச்சல் வந்தால் முதலில் எனக்குச் சொல். கடவுள் உனக்குத் துணை. உன் பொய்யை உண்மையாக்க ஒரு கரண்ட் ஹீற்றர் அனுப்பியிருக்கிறேன், நாளைக்கு வரும். நான் பார்க்கும்வரை பாய்லரில் யாரும் கைவைக்கக்கூடாது, முக்கியமாக அக்கா. சின்ன வயதிலேயே எதையும் தானே திருத்தப் பார்ப்பாள்.

அன்புடன்,
அப்பா சுஜீத்

அடுத்து நான் செய்யப்போவது:

1. சனிக்கிழமை முதல் ரயிலில் வருவேன். பாய்லர் பார்க்க ஆள் வருகிறது என்று மட்டும் மாமியிடம் சொல். யார் என்று சொல்லாதே.

2. முன்கதவைத் தட்டுவேன்.

3. பாய்லரையும் அந்தக் காஸ் அடுப்பையும் கழற்றிப் பார்ப்பேன். நச்சுவாயு அலாரம் இரண்டு பூட்டுவேன்.

4. கலியாணக் கதையை நான் எடுக்கமாட்டேன். அவள் எடுத்தால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

5. தேத்தண்ணி தந்தால் குடிப்பேன். எனக்கு எத்தனை கரண்டி சீனி என்று நீ முந்திக்கொண்டு சொல்லாதே. அவளுக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.