‘ஒருத்தன் கேட்டான்’ என்றீர்களே, மச்சான்

அன்பு மச்சானுக்கு,

உங்கள் பெரிய மகள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். உங்கள் பழைய வண்டியில்தான் சாத்தூர் ரோட்டில் போகிறாள், உங்களைப் போலவே ஆளில்லாத இடத்திலும் ஹாரன் அடித்துக்கொண்டு. சின்னவள் பிளஸ் டூ. கணக்கில் என்னிடம் சந்தேகம் கேட்கிறாள், நான் சொன்னதை நம்பாமல் டீச்சரிடமும் கேட்டுக்கொள்கிறாள். அக்கா அதே காலண்டர் கம்பெனிக்குத்தான் போகிறாள். சீசன் ஆரம்பித்துவிட்டது.

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஆண்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாம் பேசவில்லை. இப்போது ஊர் பார்க்க எழுதுகிறேனே என்று கோபப்படாதீர்கள். அக்காவிடம் கேட்டுவிட்டேன். "எழுதுலே, நாலு பேரு படிக்கட்டும்" என்றாள்.

என் வேலையைப் பற்றி ஊருக்கெல்லாம் நீங்கள் கொடுத்த விளக்கம் எனக்கு மறக்கவில்லை. "எங்க மாப்ள காலேசுல பொடி செய்யுதான். நம்மளும் பொடிதான். நம்ம பொடி எரியும். அவன் பொடி என்ன செய்யும்னு அவனுக்கே தெரியாது." கம்பி மத்தாப்புக் கம்பெனியில் இருபது வருஷம் அலுமினியப் பொடிக் கூழில் கம்பி முக்கி எடுத்தவர், சொல்ல உரிமை உண்டு.

உங்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். குறைக்கடத்தி என்று ஒரு வகைப் பொருள். அதைக் கண்ணுக்கே தெரியாத நானோ அளவுக்குப் பொடியாக்கி ஒரு தகட்டில் பூசுகிறோம். சர்க்கரை முற்றியவர்களின் மூச்சில் ஒரு வாடை வரும். அது பட்டால் தகட்டில் ஓடும் மின்சாரம் கொஞ்சம் மாறும். ஊசி குத்தாமல், ஊதச் சொல்லியே சர்க்கரையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறோம். இன்னும் முடியவில்லை. மூச்சில் இருக்கிற ஈரம் பட்டாலே தகடு குழம்பிப்போகிறது.

இந்த ஆராய்ச்சியில் என்னோடு இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒருவர் விருதுநகர்க்காரர், சர்க்கரை டாக்டர். இன்னொருவர் மதுரையிலிருந்து வரும் ஓர் அம்மா. ஆண்மைக் குறைவு, தாம்பத்தியக் கோளாறு இவற்றுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர். சர்க்கரை ஆராய்ச்சியில் இந்த அம்மாவுக்கு என்ன வேலை என்று முதல் கூட்டத்தில் மனசுக்குள் நினைத்தேன். கேட்க வெட்கம். கேட்காமல் விடுவது எனக்குப் பழக்கமாகத்தான் இருந்திருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாசுத் தொழிலாளர்களுக்கு முகாம் போட்டோம். கம்பெனி வேன்கள் வந்து ஆள் ஏற்றுமே, அந்த மண்டபத்தில். வருகிறவர்களிடம் கேட்டு நிரப்ப ஒரு படிவம் இருந்தது. அதில் டாக்டரம்மா ஒரு கேள்வி சேர்த்திருந்தார்: தாம்பத்தியத்தில் சிரமம் ஏதும் உண்டா? நான் அதை அடித்துவிட்டேன். "இதைக் கேட்டா எங்க ஊர்க்காரங்க எந்திருச்சுப் போயிருவாங்க டாக்டர்."

"போறவங்க போகட்டும். நாம கேக்காம விட்டோம்னு இருக்கக் கூடாது" என்று அவர் மறுபடி எழுதிவைத்தார்.

ஒருவர் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். உங்கள் வயசு. உங்களைப் போலவே நகக்கண்ணில் சாம்பல் நிறம். பெயர், ஊர், வேலை எல்லாம் சொன்னவர், அந்தக் கேள்வி வந்ததும் சுவரைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"அது பொடியால வந்தது சார். கம்பி முக்குற எல்லாருக்கும் இருக்கிறதுதான். தினம் ஒரு துண்டு கருப்பட்டி திங்கேன். உள்ள தங்குன பொடிய அது இழுத்துட்டுப் போயிரும்."

படிவம் எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது, மச்சான்.

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டாக்டரம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். "பொடி நெஞ்சுக்கு ஆகாதுதான். மூக்குல துணி கட்டத்தான் செய்யணும். ஆனா உங்களுக்கு வந்திருக்கிறது சர்க்கரை. சின்ன ரத்தக் குழாய், சின்ன நரம்புன்னு பாத்து அது மொதல்ல கை வைக்கும். அதனால பல ஆம்பளைகளுக்கு இங்கதான் மொதல்ல தெரியும். வெக்கப்பட்டு மறைச்சா, அடுத்தது காலுக்கு வரும், நெஞ்சுக்கு வரும். கருப்பட்டிய இன்னையோட நிறுத்துங்க."

நான் வெளியே போய் வேன் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டேன்.

இருக்கன்குடி கோயில் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? நாலாம் வகுப்பில் சின்னவளுக்கு அம்மை கண்டபோது நேர்ந்துகொண்ட முடியை இறக்கப் போயிருந்தோம். பொங்கல் வைத்து முடித்து, பெண்கள் பாத்திரம் கழுவப் போன நேரம், ஆற்று மணலில் நாம் இருவர் மட்டும் இருந்தோம். ரொம்ப நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டீர்கள்.

"ஏன் மாப்ளே, இந்த அலுமினியப் பொடி உள்ள சேந்தா ஆம்பளைக்கு ஏதும் கொறையுமா? எங்கூட வேல பாக்குற ஒருத்தன் கேட்டான். படிச்சவன் நீதான் சொல்லணும்."

நான் என்ன செய்தேன்? பாடம் எடுத்தேன். பொடியின் அளவு என்ன, எந்த அளவுப் பொடி நுரையீரலில் தங்கும், எது தங்காது, என் பொடி உங்கள் பொடியைவிட எத்தனை மடங்கு சின்னது. நீங்கள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டீர்கள். "சரிலே, அவங்கிட்டச் சொல்லிருதேன்" என்று மணலைத் தட்டிவிட்டு எழுந்தீர்கள். யார் அந்த ஒருத்தன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

அதோடு நின்றேனா? கருப்பட்டி பொடியை இழுக்கும் என்று நீங்கள் சொன்னபோது சிரித்துவிட்டு, அடுத்த தடவை திருச்செந்தூர்ப் பக்கம் போனபோது நல்ல கருப்பட்டியாகப் பார்த்து ஒரு ஓலைப்பெட்டி நிறைய வாங்கி வந்து கொடுத்தேன். சர்க்கரையைப் பிடிக்க ஆராய்ச்சி செய்கிறவன் வாங்கிக் கொடுத்தது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பட்டாசு மருந்து இருக்கிற அறைக்குள் செருப்புப் போடக் கூடாது என்பதால் வெறுங்காலோடு நின்று வேலை பார்த்தீர்கள். சர்க்கரையில் மரத்துப்போன உள்ளங்காலில் கம்பி ஏறியதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. அக்கா பார்த்தபோது புண் ஆழமாகிவிட்டது. மதுரையில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றுதான் முதன்முதலாக உங்கள் சர்க்கரையைப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் உங்களை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

முகாம் முடிந்து வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "மதினி வேற நெனச்சுக்கிட்டு இருக்காக, தெரியுமா?" என்றாள். "கர்ப்பப்பை எடுத்த பெறகு அவுகளுக்கு நான் ஆகாமப் போயிட்டேன்னு எங்கிட்ட ஒருநாள் அழுதாக. வயித்துத் தழும்பப் பாத்துத்தான் அண்ணன் கட்டில முன்னறைக்குக் கொண்டுபோயிட்டாகளாம்."

நீங்கள் வெட்கப்பட்டு விலகினீர்கள். அவள் தன் உடம்பைக் குற்றம் சொன்னாள். ஒரே வீட்டில் இருவரும் இப்படியே இருந்திருக்கிறீர்கள். இப்போது ஒரு ஆள் இல்லை, இன்னொரு ஆள் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். இது அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் ஒரு தம்பி அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? நீயே சொல்லேன் என்று மனைவியைக் கெஞ்சினேன். "அண்ணன் கேட்டது உங்ககிட்ட. நீங்கதான் சொல்லணும்" என்றுவிட்டாள்.

சொன்னேன். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவரைக்காயைப் பார்த்தே சொன்னேன். முகாமில் வந்தவர், டாக்டரம்மா சொன்னது, ஆற்று மணல் எல்லாம். அரிவாள்மனை நின்றது.

"அப்ப என்னால இல்லையா?"

"இல்லக்கா. உன்னால இல்ல. மச்சானுக்குச் சீக்கு."

"ஏழு வருசம் தனித்தனியாக் கெடந்தோம்லே" என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அவுக." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அழுது ஓய்ந்தபோது இன்னொன்று அவளுக்கு உறைத்தது.

"கருப்பட்டிய நாந்தானே தினம் பொட்டலம் கட்டிக் குடுத்தேன்."

"வாங்கிட்டு வந்தவன் நான்க்கா."

ஒரு பழியை இறக்கப் போய் இன்னொன்றை ஏற்றிவிட்டேனோ என்று எனக்குப் பதறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி காயை எடுத்தவள், கொஞ்சம் கழித்துக் கேட்டாள்.

"அந்தக் கேள்விய ஆம்பளைககிட்ட மட்டுமா கேக்கீக?"

"ஆமா."

"பொம்பளைககிட்டயும் கேளுங்கலே. ஆம்பளைக வாயத் தொறக்க மாட்டாக. நாங்க சொல்லிருவோம்."

மூன்று படிப்பு படித்த நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து எழுதிய படிவத்தில் இது இல்லாமல் போனது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "உங்க அக்காவையே வரச் சொல்லுங்க" என்றார். அடுத்த முகாம் சிவகாசிப் பக்கம். பெண்கள் வரிசையில் படிவத்தோடு உங்கள் முத்துமாரி உட்காரப் போகிறாள்.

என் தகடு என்றைக்குச் சரியாகும் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி வாக்குக் கொடுக்க மாட்டேன். வேறொரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் எவராவது என்னிடம் வந்து "ஒருத்தன் கேட்டான்" என்றால், பொடியின் அளவைச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, அவர் தன்னைப் பற்றிச் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

கடைசியாக வீட்டுச் சேதி ஒன்று. முன்னறையில் கிடந்த உங்கள் கட்டிலை, அக்கா நேற்று மகள்களை ஒரு கை பிடிக்கச் சொல்லி உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
ஆற்று மணலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை,
முத்துமாரியின் தம்பி.