மூன்றாம் மேசை ஆஸ்திரேலியாக்காரனுக்கு

தித்திகாவேக்கா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் நூரோவாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் ரெனியும் குழந்தை ஐவியும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். உன் போன் அணைந்தே கிடக்கிறது. நேரில் வரலாம்தான். ஆனால் நீங்கள் தங்கியிருக்கிற விடுதியில், அந்த நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில், நாலு பேர் முன்னால் உன்னை என்ன கேட்டுவிடுவேனோ என்று எனக்கே பயம். என் வாய் உனக்குத் தெரியும். அதனால் உன் அறையைச் சுத்தம் செய்ய வருகிற நம் அகைத்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். என் தங்கை மகளேதான், நீ தூக்கி வளர்த்தவள். தினமும் உன் படுக்கையை விரிக்கிறாள், நீ அவளை இன்னும் அடையாளம் கண்டுகொள்ளவில்லையாம்.

திங்கட்கிழமை விமான நிலையத்துக்கு மாலை கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். விடுதிக்காரர்கள் எனக்கு முந்திக்கொண்டு உங்கள் மூன்று பேர் கழுத்திலும் போட்டுவிட்டார்கள். "பிள்ளை தூக்கக் கலக்கத்துல இருக்கும்மா, நாளைக்கு வீட்டுக்கு வர்றோம்" என்றாய். அந்த நாளைக்காக உன் அப்பா பன்றி அடித்து, மண்ணடுப்பு மூட்டி, சேப்பங்கிழங்கை அடுக்கிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் கண்ணாடித் தளம் போட்ட படகில் மீன் பார்க்கப் போய்விட்டீர்கள். கடைசியில் தேவாலயப் பாட்டுக் குழுவைக் கூப்பிட்டுப் பந்தி வைத்தோம். அவர்கள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

விடுதியில் தங்கியதைக் குறை சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் ஆசையாகக் கொடுத்த பரிசு. நம் வீட்டில் ஏசி கிடையாது, கொசு உண்டு, சேவல் நாலு மணிக்கே தொண்டையைத் திறந்துவிடும். எல்லாம் சரி. ஒரு வேளைச் சோற்றுக்கு எதற்கடா ஏசி?

புதன்கிழமை மாலை முரி சந்தைக்கு வந்தீர்கள். என் கடை இருக்கும் இடம் உனக்குத் தெரியும். தெரிந்தும் முதலில் மூன்று கடை தள்ளி நின்றாய். ரெனி அங்கே சாயத் துணி வாங்கிக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஆலையில் அச்சடித்து மூட்டையாக வந்து இறங்குகிற துணி அது. பிறகுதான் என்னிடம் வந்தீர்கள். நான் என் கையால் சாயம் போட்ட பரேயுத் துணி ஒன்றை ஐவிக்கு இடுப்பில் சுற்றி, தோளில் முடிந்துவிட்டேன். குழந்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. என் கண்ணே பட்டிருக்கும். ரெனி பணத்தை எடுத்து நீட்டினாள். "வேண்டாம் தாயி" என்றேன். "ஐயோ, சும்மா வாங்கிட்டா எப்படி? இது உங்க பிழைப்பாச்சே" என்று என் கையைப் பிடித்து வைத்து அழுத்திவிட்டாள். நல்ல மனசுக்காரி, அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாட்டி பேத்திக்குத் துணி கொடுத்தால் காசு வாங்கமாட்டாள் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நீ பக்கத்தில் நின்று வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தாய்.

நேற்று ராத்திரி விடுதியில் விருந்தாளிகளுக்காக எங்கள் குழுவின் பாட்டும் ஆட்டமும். தானியேரா மைக்கைப் பிடித்தால் விடமாட்டான், உன்னோடு படித்த காலத்திலும் அப்படித்தான். வழக்கம்போல ஒவ்வொரு மேசையாக எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வந்தான். உங்கள் மேசை "ஆஸ்திரேலியா!" என்று கத்தியது. நீயும் கையைத் தூக்கிக் கத்தினாய். "அடேங்கப்பா, மூணாவது மேசையில ஒரு ஆஸ்திரேலியாக்காரன் நம்ம ஊர் மூக்கை எங்கேயோ திருடிட்டு வந்து உக்காந்திருக்கான் பாருங்கடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய். நான் பாட்டின் இரண்டாம் அடியை விட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் விட்டதில்லை.

விருந்தாளிகளை ஆட அழைக்கும் நேரம் வந்ததும் நேரே உங்கள் மேசைக்குத்தான் வந்தேன். ஐவியிடம் கையை நீட்டினேன். அவள் உன் முகத்தைப் பார்த்தாள். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "போ, அந்தம்மாகூடப் போய் ஆடு" என்றாய். வாய் தவறி வந்திருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

பிள்ளை எப்படி ஆடினாள்! யாரும் சொல்லித்தராமலே தோள் அசையாமல் இடுப்பு மட்டும் ஆடியது. ஆடிக்கொண்டே என்னிடம், "உங்க வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றேன். "கடிக்குமா?" என்றாள். "சோம்பேறி நாய், கடிக்கக்கூட எழுந்திரிக்காது" என்றேன். "அப்ப நான் வரலாமே" என்றாள்.

நேற்றிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன். வாசலுக்கு வருகிறேன், உள்ளே போகிறேன்.

இப்போது உன் அப்பா எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கிய விஷயத்தை எழுதப் போகிறேன். எங்கள் குழுவில் முன்போல முரசு அடிக்க அவர் ஏன் வரவில்லை என்று தானியேராவிடம் கேட்டாயாம், அவன் வயசாகிவிட்டது என்றானாம். வயசு இல்லை. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் எதிரே நிற்பது நானா தூணா என்று தெரியாது. பகலிலும் கிட்டத்தில் இருந்தால்தான் முகம் தெரியும். அதுவும் நாள் செல்லச் செல்லக் குறையும், திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐவியின் முகத்தை அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

புதன்கிழமையிலிருந்து பகல் சாப்பாடு ஆனதும் பஸ் ஏறிவிடுகிறார். தீவை ஒரு சுற்றுச் சுற்றி அதே பஸ்ஸில் வீட்டுக்கு வந்து இறங்குகிறார். விடுதி வரும்போது ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்ப்பாராம், டிரைவர்தான் சொன்னார். இறங்க மட்டும் மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் லீவுல வந்திருக்கான். லீவுல வந்தவனைப் போய்த் தொந்தரவு பண்றதா?" என்று என்மேல் பாய்கிறார். நீ அவர் மகன்தானே, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்?

நாளை ராத்திரி உங்களுக்கு விமானம். கடைத்தெரு, படகு, கடைசி நாள் விருந்து, எல்லாம் இருக்கும். வரமுடிந்தால் பகலில் வா. இருட்டியபின் வந்து பிரயோஜனம் இல்லை.

வரமுடியாவிட்டால் பரவாயில்லை, கோபிக்கமாட்டேன். ஒன்று மட்டும் செய். நாளை மூன்று மணிக்கு மேல் ஐவியைக் கூட்டிக்கொண்டு விடுதி வாசலில், ரோட்டை ஒட்டி வந்து நில். மரத்தடியில் வேண்டாம், வெயிலில் நிறுத்து. அவர் இடப்பக்க ஜன்னலில் இருப்பார். டிரைவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், பஸ்ஸை அங்கே நிறுத்தி, ஏதோ பழுது பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். குழந்தையைத் தூக்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் பிடி, மகனே. அவசரப்பட்டு இறக்கிவிடாதே.

ஆண்டவர் உங்கள் மூவரையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

உன் அம்மா,
தெபாயேரு