‘இங்கிலீஷ் 4’ கசெற்

2007 செப்டெம்பர் 11, செவ்வாய்

வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போய்ச் சேர இன்றைக்கும் ஒன்பதரை. பெரியகல்லாற்றில் விடியப்புறமே பஸ் ஏறினேன். நாலு செக்பொயின்றில் ஆமிக்காரர் இறக்கி, பையைத் திறந்து காட்டச் சொல்லி, திரும்ப ஏற்றினார்கள். பௌதிகவியல் லாப்பில் உதவியாளராக இருப்பவளுக்கு இதைவிட நல்ல தேகாப்பியாசம் கிடைக்காது என்கிறாள் யசோதினி. அவள் கணினி அறையில் வேலை செய்கிறாள், வீடு கம்பஸுக்கு அடுத்த ஒழுங்கை. பகிடி விட அவளுக்கு நேரம் இருக்கிறது.

வரும் வழியில் காத்தான்குடியில் இறங்கி, பதியுதீன் காக்காவின் கடையில் லாப்புக்கு ஃபியூஸ் வாங்கினேன். அப்பாவின் இசைக்குழுவில் காக்காதான் ட்ரம் அடித்தவர். ஃபியூஸைப் பேப்பரில் சுற்றித் தந்துவிட்டு உள்ளே போனவர், அப்பாவின் எலெக்ரிக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுனாமி அன்று காலையில் அப்பா அவர் வீட்டில் போட்டுவிட்டு ஓடி வந்த கிற்றார். பிறகு எடுக்கப் போகவே இல்லை. கூடவே, எப்போதோ இரவல் வாங்கிய ஒரு கசெற். அதில் அப்பாவின் கையெழுத்தில் ‘இங்கிலீஷ் 4’.

“கொண்டு போ மகள். எனக்கிட்ட இருந்தா இது சும்மா சாமான். உங்கட வீட்ட இருந்தாத்தான் கிற்றார்” என்றார்.

எங்கள் வீட்டிலிருந்த நூற்றுச் சொச்சம் கசெற்றையும் கடல் கொண்டு போய்விட்டது. இது ஒன்றுதான் மிச்சம்.

செப்டெம்பர் 12

அப்பா கிற்றாரைப் பார்த்தார். “ஆரு தந்த?” சொன்னேன். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஆத்தங்கரைக்குப் போய்விட்டார்.

செப்டெம்பர் 16, ஞாயிறு

கசெற்றில் நாலாவது பாட்டு. எழுபதுகளில் வந்த இங்கிலீஷ் ரொக் பாட்டு என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா கல்யாண வீடுகளில் வாசித்து முடித்து, சனம் கலைகிற நேரத்தில் தனக்காக இதை வாசிப்பார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே வார்த்தை தெரியாமல் கூடப் பாடுவா.

இதை எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கொப்பி எதற்கு? 2004 டிசெம்பர் 25, நத்தார் இரவு அப்பா பட்டினத்தில் வாசிக்கப் போனார். இரவு காக்கா வீட்டிலேயே படுத்துவிட்டார். காலையில் நான் ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளோடு, மெயின் றோட்டுப் பக்கம். அம்மா மட்டும் கடற்கரை வீட்டில். மூன்றாம் நாள்தான் அம்மாவைக் கண்டெடுத்தார்கள். அடக்கம் முடிந்து ஒரு கிழமை கழித்து, சுனாமி முகாமில், பாண் வாங்குகிற லைனில் நின்றபடி, எல்லாருக்கும் முன்னால் அப்பாவிடம் சொன்னேன்: “நீங்க கிற்றாரக் கட்டிப்பிடிச்சிட்டுப் படுத்திருந்தீங்க. அம்மாவக் கடல் கொண்டு போயிற்று.”

அன்றிலிருந்தே அப்பா அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. புது வீட்டின் முன்னறையில் ரேடியோ திருத்துகிறார். கொடுத்ததைச் சாப்பிடுகிறார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எத்தனையோ தரம் வாயைத் திறந்தேன், வேறு ஏதாவது வந்தது. “சோறு போடவா?” என்று.

இந்தப் பாட்டை ஒரு எழுத்துப் பிசகாமல், கிற்றாரில் அதே கோர்ட், அதே தொனியில் வாசித்துக் காட்டினால் அவருக்கு விளங்காதா? கிறுக்குத்தனமாக இருக்கலாம். வேறு வழியும் தெரியவில்லை.

ஒக்ரோபர் 21, ஞாயிறு

சேர்ச் வாலிபர் கூட்டத்தில் பழகிய ஆறு கோர்ட்டும் என் கைவசம் இருக்கின்றன. ஒன்றாவது இந்தப் பாட்டோடு ஒத்துப் போகவேண்டுமே. ஈ சுருதியில் தொடங்கினால் பாட்டு மேலே நிற்கிறது. எஃப்-க்கு ஏற்றினால் இன்னும் கொஞ்சம் மேலே. எஃப் ஷார்ப் என்றால் கூடிவிடுகிறது. கம்பியை முறுக்கி முறுக்கி நடுவில் நிறுத்தினேன். முதல் பாதிக்குச் சரி. இரண்டாவது சரணத்தில் கிற்றார் சத்தம் மெல்ல மெல்ல மேலே ஏறி, ஒரு இடத்தில் தடுமாறி, பிறகு கீழே வழுக்குகிறது. அந்த இழுவையில்தான் இருக்கிறது முழு அழகும். பாட்டை வாசித்த அந்த மனுசன் விரலால் எப்படி அதைச் செய்தான்?

மூன்றாவது கம்பி அறுந்து கன்னத்தில் அடித்தது. நல்லா வேணும்.

நவம்பர் 10, சனி

இனித் தொனி. அம்ப்ளிஃபயர் வீட்டோடு போய்விட்டது. லாப்பில் இருந்து இரவல் வாங்கியதில் வாசித்தால் கிற்றார் பள்ளிக்கூட மணி மாதிரி சுத்தமாகக் கேட்கிறது. பாட்டில் இருப்பதோ தொண்டை கட்டினவன் சத்தம் போட்டுச் சிரிப்பது போல ஒரு கரகரப்பு.

காக்காவிடம் போன் பண்ணிக் கேட்டேன். அந்தக் காலத்தில் இவர்கள் ஒருவரிடமும் ஒழுங்கான அம்ப்ளிஃபயர் இல்லையாம். வால்வு ரேடியோவின் பின்னால் இசைத்தட்டு வாசிக்கிற பெட்டிக்கென்று ஒரு துளை இருக்குமே, அதில் கிற்றார் வயரைச் செருகிவிடுவார்களாம். ரேடியோ தாங்காமல் கத்துமாம். அந்தக் கத்தலில்தான் அப்பா அதே கரகரப்பைக் கொண்டுவந்தாராம்.

அப்பாவின் முன்னறையில் யாரோ திருத்தக் கொடுத்துத் திரும்பி எடுக்காத வால்வு ரேடியோ ஒன்று கிடக்கிறது. அப்பா சேர்ச்சுக்குப் போன நேரம் செருகினேன். வால்வுகள் சூடேறி மஞ்சளாக எரிந்தன. ஒரு கோர்ட் அடித்தேன். அம்மாடி! அதே கரகரப்பு! இரண்டாவது கோர்ட்டுக்குள் உள்ளேயிருந்து புகை.

நவம்பர் 11

காலையில் பார்த்தேன். ரேடியோவின் முதுகு திறந்து, கருகின பாகம் மாற்றப்பட்டு, புது ஈயம் பளபளத்தது. பக்கத்தில் கிற்றார் வயருக்கு அளவாக ஒரு புது சொக்கற்றும் பூட்டியிருந்தது. அப்பா ஆத்தங்கரைக்குப் போயிருந்தார். மீன் குழம்பு வைத்தேன், இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார்.

2008 பெப்ரவரி 5, செவ்வாய்

யசோதினி பாட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். கேட்ட வரியை இன்டர்நெட்டில் அடித்துத் தேடி, நாலு நிமிசப் பாட்டை இறக்க இரண்டு மணித்தியாலம். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு இருவரும் கேட்டோம்.

ஏமாற்றம் என்றால் இதுதான். கிற்றார் சாதாரண ஈ-யில் தொடங்குகிறது. பாட்டும் ஆறுதலாக, மெல்லப் போகிறது. இரண்டாவது சரணத்தில் ஏற்றமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை, நேர் றோட்டில் போகிற மாதிரி போகிறது. மூன்று மாதமாய் நான் விரல் தேய்த்த இழுவையை அந்த மனுசன் வாசிக்கவே இல்லை.

லாப்புக்குக் கொண்டுவந்து அளந்தேன். அசலில் தடித்த அடிக் கம்பியின் சுருதி 82 ஹேர்ட்ஸ். எங்கள் கசெற்றில் 90. இரண்டாவது சரணத்தில் 94 வரை போகிறது. கசெற் பழசாகிக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

பெப்ரவரி 29

யசோதினியின் கணினியில் இருந்தபடி எங்கள் கசெற்றைத் திருத்தி முடித்தேன். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் சரியான சுருதிக்கு இறக்கி, ஒட்டி. மூன்று கிழமை பிடித்தது. இப்போது அசலோடு வைத்துக் கேட்டால் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. சீடியில் பதிந்துவிட்டேன். என் வேலையில் எனக்கே பெருமை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போட்டுக் காட்டுவேன். பிறகு அதோடு சேர்ந்து நானே வாசிப்பேன்.

மார்ச் 2, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

சீடியைப் போட்டேன். அப்பா முன்னறையில் வேலையாக இருந்தார், எழும்பிப் போகவில்லை. முதல் சரணம் ஓடும்போது ஸ்குரூட்றைவரைக் கீழே வைத்தார். இரண்டாவது சரணம் வந்தது. நேராகப் போய் முடிந்தது. அப்பா எழும்பி வந்து என் முன்னால் நின்றார்.

“எங்க அது?”

எது என்று கேட்டேன். கையால் மேலே ஏறி இறங்குகிற மாதிரிக் காட்டினார். நான் கெட்டித்தனமாக விளக்கினேன்: கசெற் பழுது, கணினியில் வைத்துச் சரிப்படுத்தினேன், பிழையெல்லாம் எடுத்தாயிற்று.

“ஏன் எடுத்த? அது பிழையில்ல மகள். அது உன்ட அம்மாட கால்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அப்பா நின்றபடியே சொன்னார். இத்தனை வருசத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தொண்ணூறாம் ஆண்டுக் கடைசி. சண்டையால் கரண்ட் இல்லை, பற்றறி கண்ணிலும் காண முடியாது. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து ரேடியோ-கசெற்றுக்கு வயர் இழுத்து வைத்திருந்தார். இவர் மிதித்துக்கொண்டு கேட்டபோது கொழும்பு ரேடியோவில் அந்தப் பாட்டு. இவர் இறங்கிப் பதிவுப் பொத்தானை அமத்த, அம்மா ஓடிவந்து ஏறி மிதித்தா. எனக்கு ஆறு வயது, உள்ளே நித்திரையாம். இரண்டாவது சரணத்தில் அம்மாவின் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. மிதிக்கிறதை விடாமல் காலால் அதைத் தேடினா. சிரிப்பு வந்துவிட்டது அவவுக்கு. இவர் வாயைப் பொத்து, பொத்து என்று கை காட்டினாராம். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு உன்னி மிதித்தா.

கால் தளர்ந்தால் கசெற் மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு மேலே ஏறிக் கேட்கும். முதலாம் வருசப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். லாப்பில் வேலை செய்கிற எனக்குத் தெரியவில்லை! மூன்று கிழமையாக இருந்து இருந்து, அம்மாவைத் துண்டு துண்டாக எடுத்து வெளியே போட்டிருக்கிறேன்.

அழுதேன். அழுதுகொண்டிருக்க அந்த மன்னிப்பும் வாயில் வந்துவிட்டது, கடைசியில்.

“அப்பா, நான் முகாமில அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடா. நீங்க செய்ததில ஒரு பிழையும் இல்ல. நான்தான் பாவி.”

அப்பா என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். “கொம்மாதான் சொன்னவ. ராவில வராதீங்க, றோட்டு சரியில்ல, விடிஞ்சு வாங்க எண்டு. நான் ராவிலயே வாறன் எண்டுதான் நிண்டன்” என்றார்.

மூன்று வருசம் இதைத் தன் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறார். எனக்கு ஒரு பதிலாகச் சொல்லியிருக்கலாம். அம்மாமேல் பழி வந்துவிடும் என்று சொல்லவில்லை.

கசெற் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. நல்ல காலம், நான் வெட்டினது கணினியில்தான்.

மார்ச் 9

சீடியை உடைக்கப் போனேன். வேண்டாம், கோர்ட் பார்க்க உதவும் என்றார் அப்பா. ஆள் பழைய கஞ்சன்தான்.

ஜூன் 22

அப்பா கிற்றாரை மடியில் வைத்தார். விரல் நுனிகளில் காய்ப்பு போய் மெத்தென்றாகிவிட்டதாம், பத்து நிமிசத்தில் சிவந்துபோனது. வாசித்ததைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை, மோசம். நான் வாசிப்பதைவிட மோசம். அப்படியே சொன்னேன். சிரித்தார்.

ஒக்ரோபர் 5

இரண்டாவது சரணத்து இழுவைக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். விரலால் கம்பியைத் தள்ளினால் ஒரு கம்பிதான் ஏறும், கோர்ட் முழுவதும் ஏறாது. கிற்றாரின் கழுத்தை மெல்ல முன்னும் பின்னும் வளைக்கிறார். எல்லாக் கம்பியும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. கழுத்து முறிந்துவிடும் என்று நான் கத்தினேன். நேற்று கேட்க வந்த பதியுதீன் காக்கா அந்த இடத்தில் தாளம் பிசகிவிட்டார். “யோசேப்பு, பாட்டில இப்பிடி ஒரு பள்ளம் இல்லியே?” என்றார். அப்பா, “எங்கட பாட்டில இருக்கு” என்றார்.

2009 மே 18, திங்கள்

யுத்தம் முடிந்துவிட்டதாம். பட்டினத்தில் எங்கோ வெடி கொளுத்துகிற சத்தம். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அப்பா ரேடியோவை நிறுத்தினார். இருவரும் சாப்பிடாமல் இருந்தோம்.

ஓகஸ்ட் 30

சந்திச் செக்பொயின்றில் இன்று பையைத் திறக்கச் சொல்லவில்லை. பழக்க தோசத்தில் நானாகவே இறங்கிப் போய்த் திறந்து காட்டினேன். பஸ்ஸே சிரித்தது.

டிசெம்பர் 13

நத்தார் இரவுக்குப் பட்டினத்தில் நிகழ்ச்சி. ஐந்து வருசத்துக்குப் பிறகு கேட்டிருக்கிறார்கள். அப்பா இரண்டு நாளாக ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் முகத்தையே பார்க்கிறார். எனக்கும் பயம்தான், எழுதுவதில் என்ன வெட்கம்? ஆனாலும் அவருடைய கறுப்புக் காற்சட்டையை எடுத்து அயர்ன் பண்ணிக் கொடியில் போட்டேன். பார்த்தார்.

டிசெம்பர் 25, வெள்ளி

நாலு மணி பஸ்ஸில் போனார். கிற்றார் தோளில், வால்வு ரேடியோ பழந்துணியில் சுற்றி மடியில். “ராவைக்கு காக்கா வீட்டதான் நிப்பன்” என்றார், கேள்வி மாதிரி. “போயிற்று வாங்க அப்பா” என்றேன். வேறு என்ன சொல்ல?

டிசெம்பர் 26, சனி

காலை ஐந்தரைக்குப் போன். “மகள், வீட்டயா?” ஓம் என்றேன். ஆறேகாலுக்குத் திரும்பவும். வீட்டில்தான் இருக்கிறேன் அப்பா. ஏழு மணிக்கு பஸ்ஸுக்குள் இருந்து. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, இருந்தும் கட் பண்ணாமல் வைத்திருந்தார். நானும் காதில் வைத்துக்கொண்டே அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

எட்டு மணிக்குச் சந்தியில் இறங்கினார். நான் கேற்றடியில் நின்றேன். என்னைக் கண்டதும் நடையை மெதுவாக்கினார். கிட்ட வந்து ரேடியோவை என் கையில் தந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி இருக்கா என்று கேட்டார்.